பிஷப் போட்ட போன்

பெட்டி பேசிய ஆண்டுகள் - 14

போன வாரம் உங்களை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ‘த ரியோர்டன்ஸ்’ என்ற அயர்லாந்துக் கிராமத்துத் தொடர், வயலுக்கே கேமராவைக் கொண்டுபோனவர்கள், சாணி மிதித்த நடிகர்கள் என்று குறிப்புகளெல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை இரவு வேறெதையோ தேடப்போய், டப்ளினில் இருந்த ஒரு பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பற்றி நாலு வரி கண்ணில் பட்டது. அதோடு கொட்டகை போச்சு. ஆசிரியர் புதன் மதியத்துக்குள் பக்கம் வேண்டும் என்கிறார். மாடுகள் பொறுத்துக்கொள்ளும். ஆசிரியர் பொறுக்கமாட்டார்.

முன்கதை: 1961 டிசம்பர் 31, அயர்லாந்தில் தொலைக்காட்சி தொடக்கம், ஜனாதிபதி டி வெலேரா அதை அணுசக்தியோடு ஒப்பிட்டது, தனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் பழைய பேப்பர் கடையில் தேடிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொடரில் எனக்கு ஒரு பைத்தியம் இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். எந்த ஊர் தொலைக்காட்சியை எடுத்தாலும், என்ன காட்டினார்கள் என்பதைவிட, காட்டியதைப் பார்த்துவிட்டு யார் யாருக்குப் போன் போட்டார்கள் என்பதில்தான் என் கண் போகிறது. 1966-ஆம் ஆண்டு அயர்லாந்து இந்தப் பைத்தியத்துக்குத் தலைவாழை இலை போட்டுப் பரிமாறிய ஆண்டு.

அன்றைய நிலவரம் இது. நாட்டுக்கென்று ஒரே சேனல். கறுப்பு வெள்ளை. நாலு வயசுக் குழந்தை. கிழக்குக் கரையிலும் வட எல்லையிலும் இருந்தவர்கள் கூரைமேல் உயரமாக ஆன்டெனா நட்டு, பக்கத்து நாட்டு பி.பி.சி.யைத் திருட்டு மாங்காய் மாதிரி ருசித்தார்கள். மற்றவர்களுக்கு ‘டெலிஃபீஷ் எய்ரன்’ மட்டும்தான். ‘ஃபீஷ்’ என்றால் ஐரிஷ் மொழியில் காட்சி. நம் ஆட்கள் தொலையையும் காட்சியையும் சேர்த்தே தமிழாக்கிவிட்டார்கள். அவர்கள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு சட்டத் திருத்தம் வந்து, வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே பெயரின்கீழ் ‘ரேடியோ டெலிஃபீஷ் எய்ரன்’ ஆயின. ஆர்.டி.இ. என்று இன்றுவரை அழைக்கப்படுவது அதுதான்.

பெயர் மாறுவதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது முதல் போன்.

பிப்ரவரி 12, சனிக்கிழமை இரவு. ‘லேட் லேட் ஷோ’ நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1962 கோடையில், சும்மா இருக்கும் நேரத்தை நிரப்புவதற்காகத் தொடங்கப்பட்ட அரட்டை நிகழ்ச்சி. நடத்துபவர் கே பர்ன், வயது 31. அன்று அரங்கில் இருந்தவர்களிலிருந்து தம்பதிகளை மேடைக்கு அழைத்து ஒரு விளையாட்டு. கணவனைத் தனியாகக் கேட்பது, மனைவியைத் தனியாகக் கேட்பது, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இன்றைக்கு நம் சேனல்களில் தீபாவளி, பொங்கல் என்றால் இதைத்தானே வறுத்தெடுக்கிறார்கள்? அதேதான்.

டப்ளினின் டெரனூர் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதி வந்தார்கள். கணவரிடம் கேள்வி: தேனிலவின் முதல் இரவில் உங்கள் மனைவி அணிந்திருந்த நைட்டி என்ன நிறம்?

இங்கே ஒரு நிமிடம். நைட்டி என்றதும் உங்கள் மனதில் தெருமுனைக் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, தோளில் துண்டு போட்டு நிற்கும் ஒரு பெண்மணி தோன்றினால் அதை உடனே அழித்துவிடுங்கள். பகலெல்லாம் உடுத்தும் நம்முடைய அந்தப் பூப்போட்ட கவச உடையால் எந்த மதத்தலைவரையும் எழுப்பிவிட்டிருக்க முடியாது. அவர்கள் சொன்னது படுக்கையறையைத் தாண்டாத ஆடை.

கணவர் சொன்னார்: அதற்கு நிறமே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. அரங்கம் சிரித்தது. பிறகு மனைவி வந்தார். அதே கேள்வி. அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு ஒன்றுமே போட்டுக்கொள்ளவில்லையோ என்னவோ என்றார். அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்தது. பிறகு யோசித்து, வெள்ளையாக இருக்கலாம் என்றார். அவ்வளவுதான். அடுத்த தம்பதி, அடுத்த கேள்வி. ஸ்டுடியோவில் இருந்த ஒருவருக்கும் எதுவும் நடந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

நாட்டின் மேற்கே, கால்வே மாவட்டத்தில், லாக்ரே என்ற சிற்றூரில் ஒருவர் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். க்ளான்ஃபர்ட் மறைமாவட்டத்தின் பிஷப், தாமஸ் ரையன். இவரை ஊர் தாண்டாத மனிதர் என்று நினைக்கவேண்டாம். துருக்கியில் போப்பின் தூதுவராக இருந்த ரொன்காலியிடம் இஸ்தான்புல்லில் செயலாளராக இருந்தவர். அந்த ரொன்காலிதான் பின்னால் போப் 23-ஆம் யோவான் ஆனார். திருச்சபையின் ஜன்னல்களைத் திறந்துவிட்டவர் என்று பெயர் வாங்கியவர். போப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் இந்த ரையன்தான். உலகம் சுற்றிவந்த பாதிரியாருக்கு ஒரு வெள்ளை நைட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது கவனியுங்கள். அவர் என்ன செய்தார்? நிலையத்தைக் கூப்பிட்டு “இதென்னய்யா அசிங்கம்” என்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை. தன் செயலாளரை விட்டு ‘சண்டே பிரஸ்’ பத்திரிகைக்குப் போன் போடச் சொன்னார். நாளைக் காலை எட்டு மணிப் பூசையில், லாக்ரே புனித பிரெண்டன் பேராலயத்தில், பிஷப் இந்த நிகழ்ச்சியைக் கண்டித்துப் பிரசங்கம் செய்யப்போகிறார் என்று தகவல்.

சனிக்கிழமை நள்ளிரவு. ஞாயிறு இதழ் அச்சுக்குப் போகும் வேளை. பக்கம் முடிக்கிற நேரத்தில் வருகிற செய்தியின் ருசி பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் பக்கத்தில் போட்டார்கள். பிரசங்கம் நடப்பதற்கு முன்னாலேயே பிரசங்கத்தைப் பற்றிய செய்தி அச்சாகிவிட்டது. காலையில் பூசைக்கு வந்தவர்கள் கண்டனத்தைக் கேட்டார்கள். வெளியே வந்து பேப்பரை வாங்கி எதற்காகக் கண்டனம் என்று தெரிந்துகொண்டார்கள். நிகழ்ச்சியைப் பார்க்காமல் சீக்கிரமே தூங்கப்போன லட்சக்கணக்கானவர்களுக்கும் நைட்டியின் நிறம் தெரிந்துவிட்டது. பிஷப்புக்கு யாராவது விளம்பரத் தந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

முதலில் எல்லோரும் பயந்தார்கள். லாக்ரே நகரசபை பிஷப்பின் பக்கம் நின்றது. நிலையம் வருத்தம் தெரிவித்தது. கே பர்னும் வருத்தம் தெரிவித்தார். ‘ஐரிஷ் டைம்ஸ்’ மட்டும், ரசனைக் குறைவான ஒரு விஷயத்தை ஒழுக்கத்துக்கே வந்த கேடாக ஆக்கிவிட்டார்கள் என்ற ரீதியில் தலையங்கம் எழுதியது. பிறகு மெதுவாக நாடு சிரிக்கத் தொடங்கியது. ‘பிஷப்பும் நைட்டியும்’ என்று விவகாரத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். தொலைக்காட்சி வருவதற்கு முன் அயர்லாந்தில் செக்ஸ் என்பதே கிடையாது என்று ஆலிவர் ஃப்ளனகன் என்ற எம்.பி. சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் அதைக் கவலையோடு சொன்னார். மக்கள் அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பிஷப் கண்டித்து, நாடு சிரித்தது. ஐம்பதுகளில் இப்படி நடந்திருக்காது. அடுத்த மாதமே பிரையன் ட்ரெவாஸ்கிஸ் என்ற கல்லூரி மாணவர் அதே நிகழ்ச்சியில் உட்கார்ந்து, கால்வேயில் புதிதாகக் கட்டிய பேராலயத்தை விளாசி, அந்த ஊர் பிஷப் மைக்கேல் பிரவுனை மூடர் என்றே சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டால், அந்தச் சொல்லின் அர்த்தமும் கிறிஸ்தவம் என்ற சொல்லின் அர்த்தமும் பிஷப்புக்குத் தெரியுமா என்று கேட்டார். இதற்கும் போன்கள் வந்திருக்கும். ஆனால் பிப்ரவரியின் அந்த ஒற்றைப் போனுக்கு இணையில்லை.

இடையில் நெல்சன். டப்ளினின் பெரிய தெருவான ஓகானல் தெருவில், தலைமைத் தபால் நிலையத்தின் பக்கத்தில், 134 அடித் தூணின்மேல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் 1809-லிருந்து நின்றுகொண்டிருந்தார். மார்ச் 8 அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆறு நாள் கழித்து மிச்சமிருந்த அடித்தூணை ராணுவம் வெடி வைத்து எடுத்தது. பெல்ஃபாஸ்ட் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதைப் பற்றிப் பாடிய பாட்டு எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஓவியக் கல்லூரி மாணவர்கள் சிலர் நெல்சனின் கல் தலையைத் திருடிக்கொண்டு போய், சங்கத்துக் கடனை அடைக்க வாடகைக்கு விட்டார்கள். கடற்கரையில் பெண்கள் காலுறை விளம்பரம் ஒன்றில் அந்தத் தலை நடித்தது. நாட்டுப்பாடல் குழுவான ‘டப்ளினர்ஸ்’ மேடையில் பாடும்போது பக்கத்தில் கம்பீரமாக வீற்றிருந்தது. இப்போது பியர்ஸ் தெரு நூலகத்தில் ஓய்வெடுக்கிறது. இதில் தொலைபேசி எதுவும் இல்லை. தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

நெல்சன் விழுந்ததற்குக் காரணம் காலண்டர். 1966 என்பது ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு. 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை, ஆயிரத்துச் சொச்சம் பேர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினின் முக்கியக் கட்டடங்களைப் பிடித்துக் குடியரசை அறிவித்தார்கள். தலைமையிடம் அந்தத் தபால் நிலையம். ஒரு வாரத்தில் நசுக்கப்பட்டு, தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தச் சாவுகளில்தான் நாடு பிறந்தது என்பது பள்ளிப்பாடம்.

இந்தப் பாடத்தை நாலு வயது தொலைக்காட்சி எப்படிச் சொன்னது தெரியுமா? ‘இன்சரெக்‌ஷன்’ என்று எட்டுப் பாகம். ஏப்ரல் 10 ஈஸ்டர் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறுவரை, தினமும் இரவு. எழுதியவர் நாடகாசிரியர் ஹியூ லெனார்ட். 1916-ல் தொலைக்காட்சி இருந்திருந்தால் அன்றைய செய்தி எப்படி வந்திருக்கும் என்பதுதான் உத்தி. ஸ்டுடியோவில் ரே மெக்கனலி செய்தி தொகுப்பாளர். பின்னால் வரைபடம். “இப்போது நம் நிருபரிடம் போவோம்” என்கிற பாணி. தெருவில் நிருபர், கையில் மைக், தடுப்பரணுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்பவனிடம் பேட்டி. லண்டனில் பீட்டர் வாட்கின்ஸ் 1964-ல் பழைய ஸ்காட்லாந்துப் போர் ஒன்றை இப்படி எடுத்திருந்தார். ஆனால் அந்தப் போர் நடந்து இருநூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இங்கே போரில் சண்டையிட்டவர்களே வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிரதமர் ஷான் லெமாஸ் அன்று 16 வயதுப் பையனாகத் தபால் நிலையத்துக்குள் துப்பாக்கியோடு இருந்தவர். ஜனாதிபதி டி வெலேரா போலண்ட் மில் பகுதியின் தளபதி. 1966-ல் வயது 83, கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. தன்னுடைய சொந்தப் புரட்சியை அவர் காதால்தான் பார்த்திருக்க முடியும்.

மே மாதம் ஒருமுறை மறு ஒளிபரப்பு. பிறகு வட அயர்லாந்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. துப்பாக்கி தூக்கியவர்களை வீரர்களாகக் காட்டும் படத்தை அலமாரியைவிட்டு வெளியே எடுக்க யாருக்கும் கை வரவில்லை. 2016-ல் நூற்றாண்டு வந்தபோதுதான் மறுபடி வெளிச்சம் பார்த்தது.

சரி, ஆரம்பத்தில் சொன்ன எக்ஸ்சேஞ்ச். இந்த எட்டுப் பாகத் தொடரைப் பற்றிப் படிக்கும்போதுதான் அது வந்தது.

1916-ல் எழுச்சிக்காரர்கள் நவீன ஆட்கள். தபால் நிலையத்துக்கு எதிரே இருந்த வயர்லெஸ் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, கருவியைப் பழுதுபார்த்து, அயர்லாந்தில் குடியரசு பிறந்துவிட்டது என்று மோர்ஸ் குறியீட்டில் வானத்துக்கு அனுப்பினார்கள். குறிப்பிட்ட ஒருவருக்கு என்றில்லாமல் கேட்பவர் எவருக்கும் என்று அனுப்பிய செய்தி. உலகின் முதல் ஒலிபரப்பு என்று அயர்லாந்துக்காரர்கள் இதற்கு உரிமை கொண்டாடுவதுண்டு. இப்படிப்பட்டவர்கள் நகரின் மையத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சைக் கோட்டைவிட்டார்கள்.

லிஃபி ஆற்றின் தென்கரையில் கிரவுன் ஆலி என்ற சந்து. அதில்தான் எக்ஸ்சேஞ்ச். தபால் நிலையத்திலிருந்து பாலம் தாண்டினால் நடந்துபோகிற தூரம். அதைப் பிடிக்க ஒரு சிறு படை போனது. வழியில் ஒரு கிழவி நின்றாள். “உள்ளே பூரா பட்டாளத்தான், போகாதீங்க பசங்களா” என்று சொன்னாள். பையன்கள் திரும்பிவிட்டார்கள். உண்மையில் உள்ளே பட்டாளம் ஒன்றும் இல்லை. ஸ்விட்ச்போர்டின் முன் பெண்கள் உட்கார்ந்து “நம்பர் ப்ளீஸ்” சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்துசேர்ந்தது பல மணிநேரம் கழித்து. அந்த வாரம் முழுக்க அரசாங்கத்தின் கையில் போன் இருந்தது. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், எங்கே படை வேண்டும் என்று பேசிக்கொள்ள முடிந்தது. எழுச்சிக்காரர்கள் சைக்கிளில் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிழவி யார்? தெரிந்து சொன்னாளா, பயந்து சொன்னாளா? பெயர்கூட இல்லாமல் போய்விட்டாள். செவ்வாய் இரவிலிருந்து எனக்கு அவள் ஞாபகமாகவே இருக்கிறது. ஒரு மொத்த வாரத்தின் போன் பேச்சை யார் கையில் கொடுப்பது என்று ஒரு சந்து முனையில் தீர்மானித்துவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருப்பாள்.

ஆனால் அன்று தபால் நிலையத்துக்குள் இருந்த 16 வயதுப் பையனும் அவன் கட்சிக்காரர்களும் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். 1966-ல் அவர்கள் போனைக் கோட்டைவிடவில்லை.

ஜூன் 1-ஆம் தேதி ஜனாதிபதி தேர்தல். டி வெலேரா மறுபடி நிற்கிறார். எதிரே 49 வயது டாம் ஓஹிக்கின்ஸ், ஊர் ஊராகச் சுற்றுகிறார். டி வெலேரா பிரசாரத்துக்கே வரமாட்டேன் என்கிறார், பதவியின் மாண்பு. ஒருவர் பிரசாரம் செய்யாதபோது மற்றவர் பிரசாரத்தைக் காட்டினால் அநியாயமாகிவிடும் என்று நிலையம் முடிவெடுத்தது. ஜனாதிபதியின் அரசு நிகழ்ச்சிகளை மட்டும் காட்டினார்கள். ஐம்பதாம் ஆண்டு விழா என்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. டி வெலேரா பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். பத்து லட்சத்துக்கு மேல் பதிவான தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். அவருடைய தேர்தல் வேலையைப் பார்த்துக்கொண்டவர் விவசாய அமைச்சர் சார்லஸ் ஹாஹி.

இந்த ஹாஹிதான் அந்த ஆண்டின் இரண்டாவது பெரிய போனைப் போட்டவர். இலையுதிர் காலம். மாட்டு விலை சரிந்து விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். செய்தியில் அது வந்தது. அதை ஒட்டியே, அதற்கு நேர் மாறாக விவசாயிகள் சங்கம் சொன்னதும் வந்தது. சாதாரணச் செய்தி தர்மம். ஹாஹி செய்தி அறைக்குப் போன் போட்டார். அடுத்த செய்தியறிக்கையில் சங்கத்தின் பேச்சைக் காணோம்.

பிஷப்பின் போனுக்கு நாடே சாட்சி. அமைச்சரின் போனுக்குச் செய்தி அறைதான் சாட்சி. சிரிக்கக்கூட ஆளில்லை. செய்தியாளர்கள் கொதித்தார்கள், விஷயம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அக்டோபர் 12 அன்று பிரதமர் லெமாஸ் எழுந்து மழுப்பாமல் பேசினார். ஆர்.டி.இ. சட்டத்தால் உண்டாக்கப்பட்டது, அது அரசுக் கொள்கையின் ஒரு கருவி, அரசுக்குப் பொறுப்பானது என்று பொருள்பட. அந்த வாரம் விவசாயிகள் தென்மேற்கில் பான்ட்ரியிலிருந்து புறப்பட்டு டப்ளினை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். வந்துசேர்ந்து, அமைச்சர் பார்க்கமாட்டேன் என்றதால், அவருடைய அலுவலகப் படிக்கட்டிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நவம்பரில் லெமாஸ் பதவி விலகினார்.

லாக்ரேயிலிருந்து போன் போட்ட ரையன், 1982 வரை பிஷப்பாக இருந்தார். அவர் கண்டித்த கே பர்ன் 1999 வரை அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. ஹாஹி 1979-ல் பிரதமரானார். 1982-ல் அவருடைய ஆட்சியில் இரண்டு பத்திரிகையாளர்களின் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது. பத்து வருஷம் அது புகைந்துகொண்டே இருந்தது. 1992 ஜனவரியில், ஒட்டுக்கேட்ட காலத்தில் நீதித்துறை அமைச்சராக இருந்த ஷான் டோஹர்ட்டி, இரவு நேர அரட்டை நிகழ்ச்சி ஒன்றில் வாயைத் திறந்தார். சில நாளில் ஒட்டுக்கேட்ட பேச்சின் எழுத்துப் பிரதியை ஹாஹியிடமே கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார். ஹாஹி மறுத்தார். பிப்ரவரியில் பதவியைவிட்டுப் போனார். டோஹர்ட்டி முதலில் வாயைத் திறந்த அந்த அரட்டை நிகழ்ச்சி ஒளிபரப்பானது ஆர்.டி.இ.யில்.

அடுத்த வாரம் மாட்டுக் கொட்டகை. சத்தியமாக. போன் அடித்தாலும் எடுக்கமாட்டேன்.